வெட்டிய பின் எழும் காடு: வடபுல ஊசியிலைக் காடுகளில் மரவெட்டு முறைகளின் நீண்டகால விளைவை மதிப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரே வயதும் ஒரே இனமும் கொண்ட, ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்கள் நிற்கும் இரண்டு காடுகளை ஒரே ஆண்டில் வெட்டிவிட்டு, எண்பது ஆண்டுகள் கழித்துச் சென்று பார்த்தால், ஒன்று மீண்டும் நெருக்கமான ஸ்ப்ரூஸ் காடாக நிற்பதும், மற்றொன்று பிர்ச் என்ற இலையுதிர் மரங்கள் மண்டிய இடமாகவோ பாசி மேலோங்கிய சதுப்பாகவோ மாறியிருப்பதும் வடநாடுகளில் அரிதன்று. எவ்வளவு மரம் எடுக்கப்பட்டது என்பது இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் விளக்குவதில்லை. எந்த நிலத்தில், எந்தப் பருவத்தில், எந்த முறையில் வெட்டினார்கள், வெட்டியபின் எவற்றை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள் என்பவையே அடுத்த நூறாண்டைத் தீர்மானிக்கின்றன.

ஸ்காண்டிநேவியாவிலிருந்து ரஷ்யா வழியாகச் சைபீரியா வரையிலும், அலாஸ்காவிலிருந்து கனடாவின் கிழக்குக் கரை வரையிலும் நீளும் இந்த ஊசியிலைக் காட்டுப் பட்டை, உலகக் காடுகளின் பரப்பில் நான்கில் ஒரு பங்குக்கும் மேலானது. இங்கே வளர்ச்சி மெதுவானது. ஒரு மரம் அறுவைக்குத் தகுதி பெற 60 முதல் 120 ஆண்டுகள் வரை ஆகும். எனவே ஒரு வெட்டு முறையின் முழு விளைவை அதை முடிவு செய்தவர் தம் வாழ்நாளில் காண்பதில்லை. வெட்டிய சில ஆண்டுகளுக்குள்ளேயே தெரியும் அடையாளங்களைக் கொண்டு பின்விளைவை முன்கூட்டியே கணிக்க வேண்டிய வனவியல் மாணவர்களுக்கும், மேலாண்மைத் திட்டங்களை வாசித்துக் கருத்துச் சொல்ல வேண்டியவர்களுக்கும் உதவும் வகையில் கீழ்வரும் படிகள் அமைக்கப்பட்டுள்ளன. ஒரு படியில் கிடைக்கும் விடை அடுத்த படியின் கேள்வியை மாற்றிவிடும் என்பதால் வரிசையைக் குலைக்காமல் செல்வது நல்லது.

முதற்படி: மனிதன் வருவதற்கு முன் அந்தக் காட்டைக் கலைத்தது எது?

வெட்டு என்பது காட்டுக்கு நேரும் கலைவுகளில் ஒன்றுதான். அதற்கு முன்பே தீயும் காற்றும் பூச்சியும் அந்தக் காட்டைப் பலமுறை கலைத்திருக்கின்றன. அங்குள்ள இனங்கள் அந்தக் கலைவுக்கு ஏற்பவே பழகியிருக்கின்றன. கனடாவின் ஜாக் பைன் தன் கூம்புகளைப் பிசினால் மூடி ஆண்டுக்கணக்கில் மரத்திலேயே வைத்திருக்கும். ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸ் வெப்பம் பட்டால்தான் பிசின் உருகி விதை வெளியே வரும். கருப்பு ஸ்ப்ரூஸ் ஓரளவுக்கு இதே உத்தியைக் கையாள்வதோடு, பாசியில் புதையும் தாழ்ந்த கிளைகள் வேர்விட்டுப் புதுக் கன்றாகும் திறனும் உடையது. இலையுதிர் மரமான ஆஸ்பென் மேலே அழிந்தாலும் வேரிலிருந்து கன்றுகளை எழுப்பும். ஐரோப்பாவின் ஸ்காட்ஸ் பைன் தடித்த பட்டையால் மிதமான தரைத்தீயைத் தாங்கிப் பல நூற்றாண்டு நிற்கும். நார்வே ஸ்ப்ரூஸ் தீயைத் தாங்காது. ஆனால் நிழலில் பொறுமையாகக் காத்திருக்கும்.

ஆகவே முதலில் தேட வேண்டியவை தீயின் தடயங்கள்: பழைய அடிக்கட்டைகளில் உள்ள கருகிய வடுக்கள், மட்குப் படலத்துக்கு அடியில் கிடக்கும் கரித்துண்டுகள், ஒரே காலத்தில் பிறந்த மரங்களின் கூட்டம். அங்கு வழக்கமான தீ மட்கை ஆழமாக எரித்துக் கனிம மண்ணை வெளிக்காட்டியதா, அல்லது மேலோட்டமாகத் தீய்த்துவிட்டுச் சென்றதா என்பதை அறிந்துகொண்டால், வெட்டு முறை எதைப் பின்பற்றுகிறது, எதைத் தவறவிடுகிறது என்பது விளங்கத் தொடங்கும். தீ மரத்தைக் கொல்லும். ஆனால் தண்டுகளை அங்கேயே விட்டு, தரையைத் துப்புரவாக்கும். வெட்டு தண்டுகளை எடுத்துச் செல்லும்; தரையைப் பெரும்பாலும் அப்படியே விடும். வெட்டு தீக்கு மாற்று என்று சொல்லப்படும் இடங்களிலெல்லாம் இந்த அடிப்படை முரணை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இரண்டாம் படி: நிலவகையை வாசித்தல்

ஃபின்லாந்தின் வனவியலாளர் ஏ. கே. கயாண்டர் 1909-ல் வெளியிட்ட நிலவகைக் கோட்பாடு இன்றும் அந்நாட்டு வனத்துறையினரின் அன்றாடக் கருவியாக உள்ளது. மரங்களைப் பாராமல் தரையிலுள்ள செடிகளைப் பார்த்து நிலத்தின் வளத்தைக் கணிப்பதே அதன் சாரம்: பில்பெரி மிகுந்த தரை நடுத்தர ஈரமும் வளமும் கொண்டது, லிங்கன்பெரி மேலோங்கினால் சற்று வறண்டது, பூஞ்சையும் ஆல்காவும் இணைந்து வாழும் லைக்கன்கள் வெண்கம்பளமாகப் படர்ந்திருந்தால் மிக வறண்ட மணற்பாங்கு. முதல் வகையில் ஸ்ப்ரூஸும் மற்ற இரண்டில் பைனும் இயல்பாக வரும். மரங்கள் போன பின்னும் தரைச்செடிகள் சில ஆண்டுகள் இந்தத் தகவலைத் தாங்கியிருக்கும் என்பதால், வெட்டிய இடத்திலும் இதைப் பயன்படுத்தலாம்.

அடுத்து ஒரு மண் துளைப்பானை எடுத்துப் பத்திருபது இடங்களில் மட்குப் படலத்தின் தடிமனை அளக்க வேண்டும். இந்த எண்ணைப் பலர் பொருட்படுத்துவதில்லை. என் கணிப்பில் களத்தில் எடுக்கக்கூடிய அளவுகளிலேயே இதுதான் மிகுந்த தகவல் தருவது. ஐந்து சென்டிமீட்டர் மட்கு உள்ள இடத்தில் பிழையின்றி நடக்கும் ஒரு முறை, நாற்பது சென்டிமீட்டர் பாசிப் படலம் உள்ள இடத்தில் காட்டையே சதுப்பாக்கிவிடக்கூடும். அது எப்படி நிகழ்கிறது என்பதைக் கீழே விரிவாகக் காணலாம்.

மூன்றாம் படி: வெட்டு முறையை அதன் எச்சங்களால் அடையாளம் காணுதல்

திட்ட அறிக்கையில் எழுதப்பட்டுள்ள பெயரை வைத்து முறையை முடிவு செய்யக் கூடாது. ஒரே பெயரில் வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு வேலைகள் நடக்கின்றன. தரையில் நிற்பதையும் கிடப்பதையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

முழுவெட்டில் விற்கத்தக்க மரங்கள் எல்லாம் ஒரே முறையில் போய்விடும். ஒளியும் வெப்பமும் தரையை அடையும். நீரை உறிஞ்சி ஆவியாக்கி வந்த மரங்கள் இல்லாததால் நிலத்தடி நீர் மேலே வரும். தெளிந்த இரவுகளில் குளிர்காற்று பள்ளங்களில் தேங்கி இளம் ஸ்ப்ரூஸ் துளிர்களைக் கருக்கும். வேர்ப்பூஞ்சைகள் உயிருள்ள மரத்தின் சர்க்கரையை நம்பி வாழ்பவை என்பதால் சில ஆண்டுகளில் பெருமளவு மறைந்துவிடும். மண்ணிலிருந்து வெளியேறும் கார்பன், புதிய கன்றுகள் உள்வாங்குவதைவிட மிகுதியாக இருப்பதால், அந்த இடம் ஏறத்தாழ பத்து முதல் இருபது ஆண்டுகள் வரை கார்பனை உமிழும் இடமாகவே இருக்கும். மறுபுறம், ஒளியை நாடும் பைனுக்கும் பிர்ச்சுக்கும் ஆஸ்பெனுக்கும் இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

விதைமர முறையில் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 50 முதல் 150 வரை நல்ல பைன் மரங்களை நிறுத்திவைப்பார்கள். வறண்ட மணல் நிலத்தில், மண்ணைச் சற்றுக் கிளறிவிட்டால், இது சிறப்பாக வேலை செய்கிறது. உள்ளூர் விதையே மறுபடியும் முளைப்பதால் நாற்றுச் செலவும் இல்லை. ஸ்ப்ரூஸுக்கு இதையே செய்தால் மேலோட்டமான வேர் காரணமாகத் தனித்து நிற்கும் மரங்கள் முதல் பெருங்காற்றிலேயே சாயும். அதனால்தான் ஸ்ப்ரூஸுக்கு அதிக மரங்களை நிறுத்தி, அவற்றின் நிழலில் கன்றுகளை உறைபனியிலிருந்து காத்து, பிறகு மேல்தட்டை இரண்டு மூன்று தவணைகளில் எடுக்கும் காப்புமர முறை உருவானது.

அடுத்தது, நீண்ட விளக்கம் தேவைப்படும் முறை. 1990-களில் கனடாவின் கியூபெக், ஒன்டாரியோ மாகாணங்கள் பெரிய எந்திரங்களை அமைக்கப்பட்ட தடங்களில் மட்டும் ஓட்டி, தடங்களுக்கு இடையே ஏற்கெனவே முளைத்து நிற்கும் கன்றுகளையும் மண்ணையும் காத்து வெட்டும் வழக்கத்தைப் பரவலாக்கின. அதுவரை கண்மூடித்தனமாக மரங்களை இழுத்துச் சென்ற முறையோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். நடவு இல்லாமலே காடு மீண்டும் எழுந்தது; கன்றுகள் பத்துப் பதினைந்து ஆண்டுகள் முன்னதாகவே களத்தில் நின்றன. ஆனால் இரண்டு பக்கவிளைவுகள் மெல்ல மெல்ல வெளிப்பட்டன.

ஒன்று, காத்திருக்கும் கன்றுகளில் எது மிகுதியோ அதுவே அடுத்த காடு. நிழலில் மிக எளிதாக முளைக்கும் பால்சம் ஃபிர் என்ற மற்றோர் ஊசியிலை மரம் பல இடங்களில் கருப்பு ஸ்ப்ரூஸைவிட மிகுதியாக இருந்தது. எனவே வெட்டுக்குப் பின் எழுந்த காட்டில் ஃபிர்ரின் பங்கு கூடியது. கிழக்குக் கனடாவில் ஏறத்தாழ முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகும் ஸ்ப்ரூஸ் மொட்டுப்புழு, தன் பெயருக்கு மாறாக, மிகக் கடுமையாகத் தாக்குவது பால்சம் ஃபிர்ரைத்தான். அக்கறையோடு செய்த வெட்டு, அடுத்த பூச்சிப் பெருக்கத்துக்கான உணவைத் தன்னறியாமல் வளர்த்துவிட்டது.

இரண்டாவது விளைவு இன்னும் ஆழமானது. ஒன்டாரியோ-கியூபெக் எல்லையின் இருபுறமும் களிமண் பட்டை என்று அழைக்கப்படும் பரந்த சமவெளி, பனியுகத்தின் இறுதியில் இருந்த ஓஜிப்வே ஏரியின் படிவுகளால் ஆனது. தட்டையான, நீர் வடியாத, குளிர்ந்த நிலம். கடுமையான தீ நீண்டகாலம் வராவிட்டால் ஸ்ஃபேக்னம் பாசி தரையை மூடி ஆண்டுதோறும் தடித்துக்கொண்டே போகும். பாசி தடிக்கத் தடிக்க மண் குளிரும், நீர்மட்டம் உயரும், சத்துகள் வேருக்கு எட்டாத ஆழத்தில் பூட்டப்படும், மரத்தின் வளர்ச்சி குன்றும். ஆழமாக எரியும் தீ வந்தால் பாசி எரிந்து, களிமண் வெளிப்பட்டு, செழிப்பான காடு மறுபடி தொடங்கும். மண்ணைக் காக்கும் வெட்டோ பாசியை அப்படியே காத்து, மரத்தை மட்டும் அகற்றுகிறது. நீரை உறிஞ்ச ஆளில்லாததால் பாசி மேலும் வலுக்கிறது. மண்ணைத் தொடாதே என்பது மற்ற இடங்களில் நல்ல அறிவுரையாக இருக்க, இங்கே மட்டும் மண்ணைக் கலைக்காத வெட்டே காட்டைப் படிப்படியாகச் சதுப்பாக்கும் வெட்டாகிறது. இத்தகைய நிலத்தில் எந்திரத்தால் மட்கைக் கிளறுவதோ, வெட்டுக்குப் பின் கட்டுப்படுத்திய தீ வைப்பதோ திட்டத்தில் உண்டா என்று பார்க்க வேண்டும். இரண்டாம் படியில் அளந்த மட்குத் தடிமன் இங்கேதான் பயன்படும்.

தெரிவு வெட்டு, அதாவது பெரிய மரங்களைச் சில சில ஆண்டு இடைவெளியில் எடுத்து எப்போதும் காட்டை நிறுத்திவைக்கும் முறை, இன்று பொதுமக்களின் நன்மதிப்பைப் பெற்றது. அதன் வரலாறு அவ்வளவு நற்பெயர் கொண்டதன்று. 19-ஆம் நூற்றாண்டின் மரம் ஏற்றுமதிப் பெருக்கத்தில் வட ஸ்வீடனின் பருத்த பைன்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டே போனார்கள். எஞ்சியது மெலிந்த, இடைவெளி விழுந்த, மறுபடி எழாத காடு. 1903-ல் இயற்றப்பட்ட ஸ்வீடனின் வனச் சட்டம் வெட்டியவர் மீண்டும் காட்டை எழுப்ப வேண்டும் என்ற கடமையை விதித்தது. 1948-ல் ஃபின்லாந்தின் முன்னணி வனவியலாளர்கள் பொறுக்கு வெட்டுக்கு எதிராக ஒரு கூட்டறிக்கை வெளியிட்டார்கள். 1950-ல் ஸ்வீடனின் அரசு வன நிர்வாகமும் அதைக் கைவிட்டு முழுவெட்டுக்கு மாறியது. ஃபின்லாந்தின் சட்டம் பல வயது மரங்களைக் கொண்ட காட்டு மேலாண்மைக்கு மீண்டும் இடமளித்தது 2014-ல்தான்.

அந்தக் கால அனுபவத்தைக் காட்டி இன்றைய தெரிவு வெட்டை நிராகரிப்போரும், அந்த அனுபவத்தையே அறியாமல் அதைக் கொண்டாடுவோரும் சம அளவில் உள்ளனர். வேறுபடுத்திக் காட்டும் சோதனை எளிது: எடுத்த மரங்களின் இடத்தை நிரப்ப எல்லாப் பருமனிலும் மரங்கள் நிற்கின்றனவா? ஃபின்லாந்தின் ஸ்ப்ரூஸ் காடுகளில் 1980-கள் தொட்டு நடத்தப்படும் நீண்டகாலத் தெரிவு வெட்டுச் சோதனைகள், நிழலில் பிறக்கும் கன்று மார்பளவு உயரத்தை எட்டவே சில பத்தாண்டுகள் ஆகலாம் என்று காட்டியுள்ளன. ஆகவே நடுத்தரப் பருமன் மரங்களே இல்லாத காட்டில் பெரியவற்றை எடுப்பது, எந்தப் பெயரில் நடந்தாலும், பழைய பொறுக்கு வெட்டுதான். பல பருமன்களும் கலந்து நிற்கும் ஸ்ப்ரூஸ் காட்டில் அதே செயல் நிலைத்து நடக்கக்கூடியது. பில்பெரிச் செடிகளும் வேர்ப்பூஞ்சைகளும் அறுபடாமல் தொடரும். ஒளி வேண்டும் பைனுக்கு ஒற்றை மரங்களை எடுப்பதைவிடச் சிறு திறப்புகளாக வெட்டுவது பொருத்தம்.

வடிகால் வெட்டிய பீட் நிலங்களில் (அரைகுறையாக மட்கிய தாவரப் பொருள் தடித்துச் சேர்ந்த சதுப்புகளில்) இந்த விவாதம் வேறு திசையில் செல்கிறது. ஃபின்லாந்து பெரும்பாலும் 1960-களிலும் 70-களிலும் ஏறத்தாழ 50 லட்சம் ஹெக்டேர் சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி மரம் வளர்த்தது. அங்கே முழுவெட்டு நடந்தால் நீர்மட்டம் உயர்ந்து, வாய்க்கால்களை மறுபடி தூர்வார நேரிட்டு, வண்டலும் சத்துகளும் ஏரிகளுக்குப் போகின்றன. ஒரு பகுதி மரங்களை நிறுத்திவைத்தால் அவையே நீரை ஆவியாக்கி மட்டத்தைத் தாழ்த்தி வைக்கும். தெரிவு வெட்டுக்கு ஆதரவான வலுவான வாதங்களில் ஒன்று இந்த நிலத்திலிருந்து வருகிறது. களிமண் பட்டையைப் போலவே இங்கும் நீரே நடுவராக இருக்கிறது.

கடைசியாக, முழுவெட்டிலும் சில மரங்களையும் மரக்கூட்டங்களையும் நிரந்தரமாக விட்டுவைக்கும் முறை. இதன் அளவைக் குறித்து ஊகிக்கத் தேவையில்லாத வகையில், கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்து வடமேற்கில் உள்ள பீஸ் ரிவர் பகுதியில் எமென்ட் என்ற பெருஞ்சோதனை 1998–99 குளிர்காலத்தில் வெட்டப்பட்டது. ஏறத்தாழ பத்து ஹெக்டேர் கொண்ட பகுதிகளில் மரங்களைச் சற்றும் விடாதது முதல் 10, 20, 50, 75 விழுக்காடு விட்டுவைத்தது வரை ஒப்பிட்டு இன்றும் அளந்து வருகிறார்கள். குறைந்த அளவில் சிதறலாக விடப்பட்ட மரங்கள் காற்றாலும் வறட்சியாலும் முதல் சில ஆண்டுகளிலேயே மிகுதியாக மடிந்தன. முதிர்காட்டை நம்பும் உயிரினங்கள் பலவற்றுக்குப் பத்து விழுக்காடு போதவில்லை. எனவே ஒரு திட்டம் விட்டுவைப்பைப் பற்றிப் பேசினால் எத்தனை விழுக்காடு, கூட்டமாகவா சிதறலாகவா, ஐந்து ஆண்டுக்குப் பின் எத்தனை நிற்கின்றன என்ற மூன்றையும் கேட்க வேண்டும். விழுந்தவை வீணல்ல என்பது வேறு விஷயம். ஃபின்லாந்தில் மட்டும் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட உயிரினங்கள் பட்ட மரத்தைச் சார்ந்தவை. அங்குள்ள தெற்குப் பகுதியின் இயற்கையான முதிர்காடுகளில் பட்ட மரம் பெரும்பாலும் ஹெக்டேருக்கு 60 கன மீட்டருக்கு மேல் இருக்க, மேலாண்மைக் காடுகளில் சராசரி பத்துக்கும் கீழேயே உள்ளது.

நான்காம் படி: எந்திரமும் பருவமும்

ஸ்வீடன், ஃபின்லாந்து போன்ற நார்டிக் நாடுகளில் ஹார்வெஸ்டர் எந்திரம் மரத்தை வெட்டி, அங்கேயே கிளை கழித்து, அளவாக அறுத்து வைக்கும். ஃபார்வர்டர் அவற்றைச் சுமந்து வரும். கிளைகள் தடத்தின்மேல் மெத்தையாகப் பரவிச் சக்கரத்தின் எடையைத் தாங்கும். கனடாவில் பரவலாக உள்ள முறையில் முழு மரத்தையும் ஸ்கிடர் என்ற இழுவை எந்திரத்தால் சாலையோரம் வரை இழுத்து வந்து அங்கே கிளை கழிப்பார்கள். கிளைக் குவியல்கள் சாலையோரத்தில் சேர்ந்து, நல்ல வளர்நிலத்தை அடைத்துக்கொள்ளும்.

நார்டிக் நாடுகளில் தடங்கள் ஏறத்தாழ 20 மீட்டர் இடைவெளியில், 4 மீட்டர் அகலத்தில் அமையும். அதாவது பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு தடமே. உறைந்த நிலத்தில் இதனால் பெரிய கேடில்லை. உறையாத ஈரக் களிமண்ணில் மண் இறுகி, ஆழமான சக்கரப் பள்ளங்களில் நீர் தேங்கும், ஸ்ப்ரூஸின் மேலோட்ட வேர்கள் அறுபடும், ஆஸ்பென் வேர்க்கன்றுகள் குறையும். குளிர்காலங்கள் சுருங்கிவருவதால் உறைந்த நிலத்தில் வெட்டுவதற்குக் கிடைக்கும் நாட்கள் குறைகின்றன. திட்டம் குளிர்கால வெட்டு என்று சொன்னால், நிலம் உறையாவிட்டால் வேலை நிறுத்தப்படுமா என்பதை ஒப்பந்தத்தில் பார்க்கவும்.

ஐந்தாம் படி: கிளைகளும் அடிக்கட்டைகளும் எங்கே போயின?

மரத்தின் எடையில் ஊசியிலையும் மெல்லிய கிளையும் சிறு பங்குதான். நைட்ரஜனிலும் பிற சத்துகளிலும் பெரும் பங்கு அவற்றில்தான். எரிபொருளுக்காகக் கிளைகளையும் எடுத்துச் சென்ற இடங்களில் அடுத்த தலைமுறை ஸ்ப்ரூஸின் வளர்ச்சி குறைந்ததை நார்டிக் சோதனைகள் பதிவு செய்துள்ளன. ஃபின்லாந்தின் பரிந்துரை ஏறத்தாழ 30 விழுக்காடு கழிவை நிலத்திலேயே விடச் சொல்கிறது. வளமற்ற நிலத்தில் எடுக்கவே வேண்டாம் என்கிறது. வெட்டிய கிளைகளை ஒரு கோடைக்காலம் அங்கேயே உலரவிட்டால் ஊசியிலைகள் உதிர்ந்துவிடும் என்பது செலவில்லாத நடைமுறை.

ஆறாம் படி: முதல் பத்து ஆண்டுகள்

எந்த முறையாயினும் அடுத்த காடு இந்தக் காலத்தில்தான் முடிவாகிறது. 3.99 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு 50 சதுர மீட்டர், ஆகவே 3.99 மீட்டர் கயிற்றைச் சுழற்றி அதனுள் எண்ணும் ஒவ்வொரு கன்றும் ஹெக்டேருக்கு 200 கன்றுகளுக்குச் சமம். இவ்வாறு ஒரு ஹெக்டேருக்கு ஐந்தாறு வட்டங்களாவது எடுத்து, இனம், உயரம், வெட்டுக்கு முன் இருந்த கன்றா பின் முளைத்ததா என்ற மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். சராசரியைவிட, கன்றே இல்லாத வட்டங்கள் எத்தனை என்பது முக்கியம்; பத்து வட்டங்களில் மூன்று வெறுமையாக இருந்தால், மற்றவை எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் காடு ஓட்டை விழுந்தே எழும்.

ரஷ்யாவின் ஐரோப்பிய வடபகுதி இந்தப் படியைக் கைவிட்டதன் விளைவுக்குச் சான்று. 1930-களிலிருந்து ஆர்க்கான்கெல்ஸ்க், கோமி, வோலக்டா போன்ற இடங்களில் ரயில் பாதைகளை ஒட்டி மிகப் பரந்த முழுவெட்டுகள் நடந்தன. விதை மரங்கள் எட்டாத தொலைவில் இருந்தன. இளங்காட்டுப் பராமரிப்பு பெருமளவில் நடக்கவில்லை. ஸ்ப்ரூஸ் நின்ற நிலத்தில் பிர்ச்சும் ஆஸ்பெனும் எழுந்து, அவற்றின் கீழ் ஸ்ப்ரூஸ் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. ஆல்பர்ட்டாவின் கலப்புக் காடுகளிலும் இதே ஆபத்து உண்டு: முழுவெட்டுக்குப் பின் ஆஸ்பென் ஹெக்டேருக்குப் பல்லாயிரம் வேர்க்கன்றுகளை எழுப்ப, வெள்ளை ஸ்ப்ரூஸ் அமுங்கிப்போகும். மேல்தட்டு ஆஸ்பெனை மட்டும் எடுத்து, கீழ்த்தட்டு ஸ்ப்ரூஸைக் காற்றுத்தடுப்பு வரிசைகளுக்கு இடையே காக்கும் முறையை அங்கே கையாள்வது இதற்காகத்தான். இலையுதிர் மரங்கள் வருவதே தீமை என்று இதற்குப் பொருளில்லை. ஸ்ப்ரூஸோடு கலந்து நிற்கும் பிர்ச் மண்ணுக்கும் பறவைகளுக்கும் நல்லது. எதிர்பாராமல் முழுக் காடும் மாறுவதுதான் திட்டத்தின் தோல்வி.

நட்ட நாற்றுகள் உள்ள இடங்களில் பைன் கூன்வண்டின் கடியைப் பார்க்க வேண்டும். புதிய அடிக்கட்டைகளில் இனப்பெருக்கம் செய்யும் இந்த வண்டு, நாற்றின் பட்டையைச் சுற்றிக் கடித்துக் கொன்றுவிடும். கனிம மண்ணை மேடாகக் குவித்து அதன்மேல் நடுவதும், சில மரங்களை நிழலுக்கு நிறுத்துவதும் சேதத்தைக் குறைக்கும்.

ஏழாம் படி: இடைப்பட்ட பத்தாண்டுகள்

நெருக்கத்தைக் குறைக்கும் இடைவெட்டுகள் நடக்கும் இக்காலத்தில் வேரழுகல் பூஞ்சையே தலையாய கவலை. வெப்பமான மாதங்களில் அதன் வித்துகள் புதிய அடிக்கட்டைகளில் இறங்கி, வேர்த் தொடர்பு வழியாக அண்டை மரங்களுக்கும், பல பத்தாண்டுகள் உயிரோடிருந்து அடுத்த தலைமுறைக்கும் பரவும். ஸ்வீடனிலும் ஃபின்லாந்திலும் கோடை வெட்டின்போது அடிக்கட்டைகளில் யூரியாவையோ போட்டிப் பூஞ்சையையோ தெளிக்கிறார்கள். தெரிவு வெட்டில் ஒரே காட்டுக்குள் திரும்பத் திரும்ப நுழைய வேண்டியிருப்பதால் இந்தக் கவனம் அங்கே இன்னும் தேவை.

காற்றும் உண்டு. 2005 ஜனவரியில் தெற்கு ஸ்வீடனைத் தாக்கிய குட்ரூன் புயல் ஏறத்தாழ 7.5 கோடி கன மீட்டர் மரத்தைச் சாய்த்தது. அது நாடு முழுவதின் ஓராண்டு வெட்டுக்கு இணை. சாய்ந்தவற்றில் மிகப் பெரும்பாலானவை நட்டு வளர்த்த ஸ்ப்ரூஸ். தொடர்ந்து பட்டை வண்டுகள் நின்றவற்றையும் தாக்கின.

எட்டாம் படி: ஒரு வெட்டை விட்டு நிலப்பரப்பைப் பார்த்தல்

இங்கே ஒரு சிறு கணக்கு உதவும். சராசரியாக நூறு ஆண்டுக்கு ஒருமுறை தீ வரும் நிலப்பரப்பில், தீ வயது பாராமல் எங்கும் விழும் என்று கொண்டால், எந்த நேரத்திலும் காட்டில் ஏறத்தாழ 37 விழுக்காடு நூறு வயதைக் கடந்து நிற்கும். அதே நிலப்பரப்பை நூறாண்டுச் சுழற்சியில் ஒழுங்காக முழுவெட்டுக்கு உட்படுத்தினால், நூறைக் கடந்த காடு ஒன்றுமே இராது. சராசரி இடைவெளி ஒன்றாக இருந்தும் காட்டின் வயதமைப்பு முற்றிலும் வேறு. கியூபெக்கில் வனச் சூழலியலாளர் ஈவ் பெர்ஜெரோனும் உடன் ஆய்வாளர்களும் முழுவெட்டு, பகுதி வெட்டு, தெரிவு வெட்டு ஆகிய மூன்றையும் ஒரே நிலப்பரப்பில் கலந்து இயற்கையான வயதமைப்பை நெருங்கலாம் என்று முன்வைத்ததற்கு இதுவே அடிப்படை. எந்த முறை சிறந்தது என்று ஒற்றை விடை கேட்பவருக்கு நான் இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன்.

முதிர்காடு குறைவதன் விலை சில உயிர்களில் தெளிவாகத் தெரிகிறது. கிளைகளில் தொங்கும் லைக்கன்களும் தரை லைக்கன்களும் குளிர்காலத்தில் ரெயின்டீர் மான்களின் உணவு. ஸ்வீடனின் தேசிய வனக் கணக்கெடுப்புத் தரவுகளின்படி, தரை லைக்கன் மிகுந்த காடுகளின் பரப்பு அறுபது ஆண்டுகளில் 71 விழுக்காடு குறைந்தது. சாமி பழங்குடி மக்களின் மேய்ச்சல் வாழ்வு நேரடியாக இதனால் பாதிக்கப்படுகிறது. கனடாவில் இளங்காடு மூஸ் மானை ஈர்க்கிறது, மூஸ் ஓநாயை ஈர்க்கிறது, ஓநாய் வழியில் கிடைக்கும் கரிபூவையும் (வட அமெரிக்காவின் காட்டு ரெயின்டீர் மான்) உண்கிறது. 2012-ல் வெளியான கனடாவின் கரிபூ மீட்புத் திட்டம், வாழிடத்தில் குறைந்தது 65 விழுக்காடு கலைக்கப்படாமல் இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. அப்போதும் ஒரு கூட்டம் தானே நிலைப்பதற்கான வாய்ப்பு 60 விழுக்காடுதான் என்று அத்திட்டமே சொல்கிறது. மனிதர் கலைத்த இடத்தைச் சுற்றி 500 மீட்டரும் கலைந்ததாகவே கணக்கிடப்படும். எனவே திட்ட வரைபடத்தில் வெட்டுகளின் அளவோடு சாலைகளையும் பார்க்க வேண்டும்; சிதறலான சிறு வெட்டுகள் கண்ணுக்கு மென்மையாகத் தோன்றினாலும், கூடுதல் சாலைகளால் அதிக நிலத்தைக் கலைக்கக்கூடும்.

ஒன்பதாம் படி: அடுத்த தீயைக் கணக்கில் சேர்த்தல்

கருப்பு ஸ்ப்ரூஸ் ஒரு தீக்குப் பின் தன்னை நிரப்பிக்கொள்ளும் அளவுக்கு விதையைச் சேர்க்கச் சில பத்தாண்டுகள் வேண்டும். வெட்டிய இருபது முப்பது ஆண்டுக்குள் தீ வந்தால், விதைக்கூம்பு இல்லாத இளமரங்கள் எரிந்து, நெருங்கிய காடு நின்ற இடத்தில் மரங்கள் சிதறி நிற்கும் லைக்கன் வெளி உருவாகும். கியூபெக்கில் இது நிகழ்ந்திருக்கிறது. 2023-ல் கனடாவில் ஏறத்தாழ 1.5 கோடி ஹெக்டேர் எரிந்தபோது, இளங்காடுகளும் அதில் அடங்கின.

எனவே இறுதியாகச் செய்ய வேண்டியது, வெட்டப்பட்ட பகுதிகளின் வயதை வரைபடத்தில் குறித்து, விதை தரும் பருவத்தை எட்டாத இளங்காடுகள் எவ்வளவு பரப்பில் ஒட்டியொட்டி அமைந்துள்ளன என்று பார்ப்பது. அவற்றுக்கு இடையே முதிர்ந்த மரக்கூட்டங்கள் விதை எட்டும் தொலைவில் நின்றால் ஓரளவு தாங்கும். நிற்காவிட்டால் தீக்குப் பின் நடவு ஒன்றே வழி. அதற்கான நாற்றும் பணமும் மரம் விற்ற ஆண்டிலேயே ஒதுக்கப்பட்டனவா என்பதைத் திட்டத்தின் வரவுசெலவுப் பக்கத்தில் தேடிப் பார்க்க வேண்டும்.